அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம்: எழுதியவர்கள் கையை விட்டுப் போன வாக்கியம்

அமெரிக்கர்கள் ஜூலை 4ஆம் தேதியைச் சுதந்திர தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் பிரிட்டனை விட்டு விலகிவிடுவது என்று அவர்களுடைய பிரதிநிதிகள் வாக்களித்து முடிவெடுத்தது 1776 ஜூலை 2ஆம் தேதி. வரப்போகிற தலைமுறைகள் அந்த நாளைத்தான் ஊர்வலமும் வாணவேடிக்கையுமாகக் கொண்டாடும் என்று அந்தப் பிரதிநிதிகளில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் மறுநாள் தன் மனைவி அபிகெயிலுக்குக் கடிதமே எழுதிவிட்டார். அப்படி நடக்கவில்லை. ஏன் விலகுகிறோம் என்று விளக்கிய அறிக்கையின் வாசகம் ஏற்கப்பட்ட ஜூலை 4தான் நிலைத்துவிட்டது. முடிவெடுத்த நாளை விட்டுவிட்டு, அந்த முடிவுக்குக் காரணம் சொன்ன நாளை ஒரு நாடு தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டிருக்கிறது. சுதந்திரப் பிரகடனத்தைப் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவது நல்லது. அது ஒரு வாதம். சட்டம் என்று நினைத்துக்கொண்டு படித்தால் பாதி புரியாது.

யாரோடு என்ன சண்டை?

வட அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் பிரிட்டனுக்கு 13 காலனிகள் இருந்தன. 1763இல் முடிந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் பிரான்ஸை வென்றது, ஆனால் போர்ச் செலவு கழுத்தை நெரித்தது. அதில் ஒரு பங்கைக் காலனிக்காரர்களிடம் வசூலித்துவிடலாம் என்று லண்டன் நாடாளுமன்றம் வரிகளைப் போட ஆரம்பித்தது. 1765இல் வந்த முத்திரை வரி பத்திரத்தில் தொடங்கி செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை எதையும் விடவில்லை. அந்த நாடாளுமன்றத்துக்குக் காலனிகளிலிருந்து ஒரு உறுப்பினரைக்கூட அனுப்ப முடியாது. எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத சபைக்கு எங்கள் மேல் வரி போட என்ன உரிமை என்று கேட்டார்கள். 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான். பதிலுக்கு லண்டன் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கிகள் வெடித்தன.

சண்டை தொடங்கிய பிறகும் பிரிந்து போவதைப் பற்றிப் பேசப் பலர் தயங்கினார்கள். சமாதானம் கேட்டு மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு மனு அனுப்பினார்கள். அவர் அதை வாங்கிப் படிக்கவும் மறுத்து, காலனிகள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அதன் பிறகுதான் பேச்சு மாறியது. 1776 ஜூன் 7 அன்று பிலடெல்பியாவில் கூடியிருந்த காங்கிரஸில், அதாவது காலனிகளின் பிரதிநிதிகள் சபையில், வர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ பிரிவினைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். காரணங்களை எழுதித் தர ஐந்து பேர் குழு ஒன்று அமைந்தது: தாமஸ் ஜெபர்சன், ஜான் ஆடம்ஸ், பெஞ்சமின் பிராங்க்ளின், ரோஜர் ஷெர்மன், ராபர்ட் லிவிங்ஸ்டன். எழுதும் வேலை 33 வயது ஜெபர்சன் தலையில் விழுந்தது. ஒரு கொத்தனாரின் வீட்டு மாடியில் வாடகைக்கு எடுத்திருந்த அறைகளில் உட்கார்ந்து அவர் எழுதினார். காங்கிரஸ் அதை வரி வரியாக அலசி, ஏறத்தாழ கால் பங்கை வெட்டித்தான் ஏற்றுக்கொண்டது.

ஜூலை 4 அன்றே எல்லோரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று இரவு நடந்தது வேறு. ஜான் டன்லப் என்ற அச்சகக்காரர் வாசகத்தை ஒற்றைத் தாளில் அச்சடித்தார், குதிரைகள் அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போயின. ஜூலை 9 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டனின் படைவீரர்கள் முன்னால் அது வாசிக்கப்பட்டது. கேட்ட கூட்டம் நேரே போய் மன்னரின் ஈயச் சிலையை இழுத்துத் தள்ளியது. அந்த ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். தோலில் அழகாக எழுதப்பட்ட பிரதியில் பெரும்பாலானவர்கள் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2 அன்று. மொத்தம் 56 பேர். அவர்களின் பெயர்களோடு முதன்முதலாக அதை அச்சிட்டவர் பால்டிமோரில் அச்சகம் நடத்திய மேரி கேத்தரின் கோடார்ட் என்ற பெண். அது 1777 ஜனவரி. பெயர் வெளியே தெரிந்தால் ராஜதுரோகத்துக்குத் தூக்கு என்ற நிலைமையில் அவர் தன் பெயரையும் தாளின் அடியில் போட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது?

பிரகடனத்தின் அமைப்பு நீதிமன்றத்தில் கொடுக்கும் பிராது போன்றது. முதலில் ஏன் வாய் திறக்கிறோம் என்ற முன்னுரை. அப்புறம் எந்த நியாயத்தின்மேல் நின்று பேசுகிறோம் என்ற கொள்கைப் பகுதி. அதன்பின் மன்னர்மேல் 27 குற்றச்சாட்டுகள். பிரிட்டிஷ் மக்களிடம் முறையிட்டும் அவர்கள் காது கொடுக்கவில்லை என்று ஒரு பத்தி. கடைசியில், இனி நாங்கள் தனி நாடுகள் என்ற அறிவிப்பு.

குற்றச்சாட்டுப் பட்டியலை இன்று யாரும் படிப்பதில்லை. அன்றைக்கு எழுதியவர்களுக்கோ அதுதான் உயிர்நாடி. சமாதான காலத்திலும் படையை எங்கள் ஊரில் நிறுத்தினார், எங்கள் சம்மதமில்லாமல் வரி போட்டார், ஜூரி விசாரணையைப் பறித்தார், நீதிபதிகளின் வேலையையும் சம்பளத்தையும் தன் இஷ்டத்தில் வைத்துக்கொண்டார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். சட்டசபைகளை வசதியில்லாத தூர இடங்களில் கூட்டி, உறுப்பினர்களைக் களைக்க வைத்தே தனக்குப் பணிய வைத்தார் என்றுகூட ஒன்று இருக்கிறது. அடக்குமுறை எப்போதும் துப்பாக்கியோடு வருவதில்லை, அலைக்கழிப்பாகவும் வரும் என்று அறிந்தவர்கள் எழுதிய வரி அது.

கொள்கைப் பகுதிக்கு வருவோம். உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுவது அதுதான். தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்: எல்லா மனிதர்களும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள், யாராலும் பறிக்க முடியாத சில உரிமைகளைப் படைத்தவன் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறான், உயிர் வாழ்வது, சுதந்திரமாக இருப்பது, மகிழ்ச்சியைத் தேடிக்கொள்வது ஆகியவை அவற்றில் அடங்கும், இவை தாமாகவே விளங்கும் உண்மைகள் என்று நாங்கள் கொள்கிறோம்.

இதோடு நிறுத்திவிட்டால் வாதம் பாதியில் நின்றுவிடும். தொடர்ந்து வருவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த உரிமைகளைக் காப்பாற்றுவதற்காகத்தான் மனிதர்கள் அரசை ஏற்படுத்துகிறார்கள். ஆளப்படுகிறவர்களின் சம்மதத்திலிருந்துதான் அரசுக்கு அதிகாரம் வருகிறது. அரசே அந்த உரிமைகளை அழிக்க ஆரம்பித்தால் அதை மாற்றவும் நீக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு. சின்னச் சின்னக் காரணங்களுக்காக இதைச் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. நீண்ட காலம் ஒரே திசையில் நடக்கும் கொடுமையாக அது இருக்க வேண்டும். அதை நிரூபிக்கத்தான் அந்த 27 குற்றச்சாட்டுகள்.

சரி, இங்கே சமம் என்றால் என்ன? எல்லோருக்கும் ஒரே அறிவு, ஒரே சொத்து என்று அவர்கள் சொல்லவில்லை. இன்னொருவரை ஆளும் உரிமையோடு யாரும் பிறப்பதில்லை என்பதுதான் அதன் மையம். மன்னர் கடவுளால் நியமிக்கப்பட்டவர், பிரபு பிறப்பால் பிரபு என்று நம்பிய உலகத்தில் இது சாதாரணப் பேச்சு அல்ல. அதிகாரம் மேலிருந்து இறங்குகிறது என்ற எண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். யோசனை முழுக்க ஜெபர்சனுக்கே சொந்தம் என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்துத் தத்துவஞானி ஜான் லாக் ஏறக்குறைய நூறாண்டு முன்பே இதைப் பேசியிருந்தார். ஜார்ஜ் மேசன் எழுதிய வர்ஜீனியா உரிமைப் பிரகடனம் அதே ஜூன் மாதம் 12ஆம் தேதிதான் நிறைவேறியிருந்தது.

வெளியே நின்றவர்கள்

ஜெபர்சன் இதை எழுதிய மாடியில் அவருக்குப் பணிவிடை செய்துகொண்டு ஒரு பையன் இருந்தான். பெயர் ராபர்ட் ஹெமிங்ஸ், வயது 14, ஜெபர்சனின் அடிமை. ஜெபர்சனின் மனைவி மார்த்தாவுக்கு அவன் தகப்பன் வழியில் தம்பி. தாய் அடிமை என்பதால் அவனும் அடிமை, அவ்வளவுதான் சட்டம். எல்லோரும் சமம் என்ற வாக்கியம் மையில் காய்ந்துகொண்டிருந்தபோது, அதற்குப் பக்கத்து அறையில் நின்றவன் தன் அக்காள் கணவனின் சொத்து. அவனுக்கு விடுதலை கிடைத்தது 1794இல்.

ஜெபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். கையெழுத்திட்ட 56 பேரிலும் பெரும்பாலோர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். 13 காலனிகளின் மக்களில் சுமார் ஐந்தில் ஒருவர் அடிமையாக இருந்த காலம் அது.

ஜெபர்சனின் முதல் வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு நீண்ட பத்தி இருந்தது. மனித இயல்பின்மேலேயே தொடுக்கப்பட்ட கொடூரமான போர் என்று அதைச் சொல்லி, பழி முழுவதையும் மன்னர்மேல் போட்டிருந்தார். காங்கிரஸ் அந்தப் பத்தியை அப்படியே எடுத்துவிட்டது. தென் கரோலினா, ஜார்ஜியா ஆகிய இரண்டின் மனம் கோணாமலிருக்க எடுத்தார்கள் என்றும், அடிமைகளைக் கப்பலில் ஏற்றிச் சம்பாதித்த வடக்கத்தியர்களுக்கும் அது உறுத்தியது என்றும் ஜெபர்சன் பிற்பாடு எழுதினார். பத்தி இருந்திருந்தாலும் அது முழு உண்மையாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். அடிமைகளை வாங்கியவர்கள் லண்டனில் இல்லை, அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டியலின் கடைசிக் குற்றச்சாட்டைப் படிக்கும்போது மனசு கனத்துப் போகும். வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் தன் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று 1775 நவம்பரில் அறிவித்திருந்தார். உள்நாட்டுக் கலகத்தைத் தூண்டினார் என்று மன்னர்மேல் பிரகடனம் வைக்கும் குற்றச்சாட்டுக்குப் பின்னால் இருப்பது இதுதான். அதாவது அடிமைகள் சுதந்திரம் தேடுவது இங்கே குற்றப் பட்டியலில் வருகிறது. அதே வாக்கியத்தில் அந்த மண்ணின் பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் சமம் என்று தொடங்கிய ஆவணம்தான் இதையும் சொல்கிறது. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அபிகெயில் ஆடம்ஸ் அந்த ஆண்டு மார்ச் 31 அன்றே கணவருக்கு எழுதியிருந்தார்: புதிய சட்டங்கள் எழுதும்போது பெண்களை நினைவில் வையுங்கள், கணவர்கள் கையில் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள் என்று. ஜான் ஆடம்ஸ் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டார்.

வாக்கியத்தைக் கையில் எடுத்தவர்கள்

எழுதியவர்களின் இரட்டை வேடம் என்று சொல்லி இங்கேயே புத்தகத்தை மூடிவிடலாம். அப்படி மூடினால், இந்த வாக்கியத்துக்கு உண்மையில் உயிர் கொடுத்தவர்களை நாம் பார்க்காமலே போய்விடுவோம்.

மாசசூசெட்ஸில் ஷெபீல்டு என்ற ஊர். அங்கே கர்னல் ஜான் ஆஷ்லியின் வீட்டில் பெட் என்ற அடிமைப் பெண் இருந்தார். மனிதர்கள் இயல்பில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று பிரிட்டனுக்கு எதிராக ஊர்ப் பெரியவர்கள் 1773இல் தீர்மானம் எழுதியது அதே வீட்டில்தான். ஒருநாள் ஆஷ்லியின் மனைவி அடுப்பில் காய்ந்த இரும்புக் கரண்டியால் இன்னொரு பெண்ணை அடிக்க ஓங்கினார். பெட் குறுக்கே கையை நீட்டி அந்த அடியைத் தான் வாங்கிக்கொண்டார். தழும்பை அவர் பிறகு மூடி மறைக்கவே இல்லை. யாராவது கையில் என்ன என்று கேட்டால், வீட்டம்மாவைக் கேளுங்கள் என்பாராம்.

1780இல் மாசசூசெட்ஸ் தனக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டது. முதன்மையாக எழுதியவர் ஜான் ஆடம்ஸ். எல்லா மனிதர்களும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்பது அதன் முதல் பிரிவு. பிரகடனத்தின் வாக்கியம் இங்கே சட்டமாகிவிட்டது. பெட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேச்சு காதில் விழுந்தது. அவர் தியோடர் செட்ஜ்விக் என்ற வழக்கறிஞரிடம் போய், இந்தச் சட்டம் எனக்கு விடுதலை தராதா என்று கேட்டார். 1773 தீர்மானத்தை எழுதியதில் செட்ஜ்விக்கும் ஒருவர். வழக்கு 1781இல் ஜூரி முன்னால் வந்தது. பெட்டும் அவரோடு வழக்கில் சேர்ந்த ப்ரோம் என்பவரும் அடிமைகள் அல்ல என்று தீர்ப்பானது. ஆஷ்லி 30 ஷில்லிங் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. பெட் தன் பெயரை எலிசபெத் ஃப்ரீமன் என்று மாற்றிக்கொண்டார். ஆஷ்லி கூலி தருகிறேன், திரும்பி வா என்று கூப்பிட்டும் போகவில்லை. இப்படிச் சில வழக்குகளாலேயே அந்த மாநிலத்தில் அடிமை முறை சட்டத்தின் ஆதரவை இழந்து செத்தது.

இன்னொருவர் பெஞ்சமின் பனேக்கர். மேரிலாந்தில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர், வானியலைத் தானே கற்றுப் பஞ்சாங்கம் கணித்தவர். 1791 ஆகஸ்டில், அப்போது அமைச்சராக இருந்த ஜெபர்சனுக்கு அவர் தன் பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் பிரதியோடு ஒரு கடிதம் அனுப்பினார். ஜெபர்சனின் சொந்த வாக்கியத்தையே எடுத்து எழுதி, இதை எழுதிய நீங்களே என் சகோதரர்களை ஏமாற்றியும் அடித்தும் பிடித்து வைத்திருக்கிறீர்களே என்று கேட்டார். ஜெபர்சன் மரியாதையாகப் பதில் எழுதினார், பஞ்சாங்கத்தைப் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. ஜெபர்சன் 1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளிலேயே, இறந்தார். அடுத்த ஜனவரியில் அவருடைய கடனை அடைக்க 130 பேரை ஏலம் விட்டார்கள்.

1848 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் செனகா ஃபால்ஸ் ஊரில் பெண்கள் கூடினார்கள். எலிசபெத் கேடி ஸ்டான்டன் முன்நின்று எழுதிய அறிக்கை, 1776இன் பிரகடனத்தை அச்சு அசலாக எடுத்துக்கொண்டு இரண்டு மாற்றங்கள் செய்தது. எல்லா ஆண்களும் பெண்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்றது ஒன்று. மன்னர் இருந்த இடத்தில் ஆணை நிறுத்தியது இன்னொன்று. மணமான பெண்ணைச் சட்டத்தின் கண்ணில் செத்தவளாக்கினான், அவள் சம்பாதித்த கூலியையும் தனதாக்கினான், கல்லூரிக் கதவுகளைச் சாத்தினான் என்று குற்றப் பட்டியல் நீள்கிறது. 100 பேர் கையெழுத்திட்டார்கள், அதில் 32 பேர் ஆண்கள். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்ற தீர்மானம் கூட்டத்திலேயே பலருக்கு அதிகப்படியாகப் பட்டது. அதை ஆதரித்துப் பேசியவர் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்திருந்த பிரெடரிக் டக்ளஸ். பெண்ணென்ற காரணத்துக்காக ஓட்டை மறுக்கக் கூடாது என்று நாட்டின் அரசியலமைப்பில் எழுத 1920 வரை ஆனது.

எதிர்த்தவர்கள் இந்த வாக்கியத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1857இல், டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டேனி, அடிமைப்பட்ட ஆப்பிரிக்க இனத்தவரைப் பிரகடனம் மனதில் வைக்கவே இல்லை என்றார். அன்றைக்கே எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்று எழுதியவர்கள் சொல்லவில்லை, சுதந்திர சமுதாயம் எட்ட முயல வேண்டிய அளவுகோலாக அதை வைத்தார்கள் என்று ஆபிரகாம் லிங்கன் அதே ஆண்டு பதில் சொன்னார். 1860இல் பிரிந்து போன தென் கரோலினா, அரசை நீக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்ற பகுதியைப் பிரகடனத்திலிருந்து எடுத்துக்கொண்டது. சமத்துவத்தை மட்டும் விட்டுவிட்டது. சில மாதங்களில், பிரிந்து போன தென் மாநிலங்கள் சேர்ந்து அமைத்த அரசின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், எங்கள் அரசு சமத்துவத்துக்கு நேர் எதிரான கருத்தின்மேல் நிற்கிறது என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிரகடனம் நீதிமன்றத்தில் செல்லும் சட்டம் அல்ல. சட்டம் என்பது 1787இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு. அதில் சமத்துவம் என்ற பேச்சையே காணோம். மாநிலங்களுக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கெடுக்கும் விதிதான் இருந்தது. உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானோர் செத்த பிறகு, 13ஆம் திருத்தம் 1865இல் அடிமை முறையை ஒழித்தது. சட்டம் எல்லோருக்கும் சமமான பாதுகாப்பைத் தர வேண்டும் என்பது 1868இல் 14ஆம் திருத்தமாக வந்தது. எழுத்தில் வந்தது நடைமுறைக்கு வர இன்னும் நூறாண்டு பிடித்தது. 1963 ஆகஸ்டில் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங், பிரகடனம் ஒவ்வொரு அமெரிக்கருக்கும் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம், கறுப்பினத்தவர் வந்து கேட்டபோது பணமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார். அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில்தான் குடிமை உரிமைகள் சட்டமும் வாக்குரிமைச் சட்டமும் வந்தன.

அமெரிக்காவுக்கு வெளியேயும் இந்த வாதம் போனது. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் வியட்நாமின் சுதந்திரத்தை அறிவித்த ஹோ சி மின், அமெரிக்கப் பிரகடனத்தின் வாக்கியத்தோடுதான் பேச்சைத் தொடங்கினார். நமக்கு இன்னும் நெருக்கமானது 1930 ஜனவரி 26. லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேற்றியதை அடுத்து, அன்று நாடெங்கும் மக்கள் உறுதிமொழி எடுத்தார்கள். சுதந்திரம் எங்கள் பறிக்க முடியாத உரிமை, அதைப் பறித்து ஒடுக்கும் அரசை மாற்றவோ நீக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்று அதில் வருகிறது. 1776இன் எதிரொலியை யாரும் கேட்க முடியும். அந்தத் தேதிதான் பின்னால் நம் குடியரசு தினமானது.

முழுப் பிரகடனமும் ஆங்கிலத்தில் 1,300 சொற்கள் சொச்சம்தான், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். புகழ்பெற்ற இரண்டாம் பத்தியோடு நிறுத்திவிடாமல் கடைசிக் குற்றச்சாட்டு வரைக்கும் போங்கள். முடித்த கையோடு 1848இன் செனகா ஃபால்ஸ் அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திக்குப் பத்தி ஒப்பிட்டுப் போனால், எந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.